திட்டக்குடி பஸ் விற்றுப்போன கதை

கயலுக்கு,

இந்நேரம் பெட்டியைப் பிரித்திருப்பாய். எலுமிச்சை ஊறுகாய் கசிந்திருக்கிறதா என்று முதலில் பார்த்திருப்பாய். புடவைகளை எடுத்துக் கட்டில்மேல் போட்டிருப்பாய். அப்புறம் பெட்டியின் அடியில், அப்பாவின் பழைய காக்கிச் சட்டையில் சுற்றி மேலே மூன்று சுற்று டேப் ஒட்டிய ஒரு பொட்டலம் கையில் தட்டுப்பட்டிருக்கும். அதை இன்னும் பிரிக்கவில்லை என்றால் பிரிக்காதே. பிரித்துவிட்டாய் என்றால் பரவாயில்லை, உனக்குப் பொறுமை இருந்ததே இல்லை. அப்படியே மேசையில் வைத்துவிட்டு இதைப் படி. படித்து முடிக்கும்போது அது என்னவென்று புரியும்.

கல்யாணத்தன்று சாப்பாடு முடிந்ததும் நானும் உன் மாமியாரும் மண்டபத்து அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் இருந்தோமே, என்ன பேசினீர்கள் என்று அன்றைக்கே மூன்று தடவை கேட்டாய். "சும்மா பேசிக்கிட்டிருந்தோம்" என்றேன். விமான நிலையத்தில் மறுபடியும் கேட்டாய். "அவங்களுக்குத் தமிழ் தெரியாது, உனக்கு ஸ்பானிஷ் ஆறு வார்த்தைதான் தெரியும், முக்கா மணி நேரம் என்னம்மா சும்மா?" என்றாய். நியாயமான கேள்விதான். அந்த ஆறு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் இருபது வருஷத்துக் கதை ஒன்றைச் சொல்லி முடித்தேன். அது உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டிய கதை. வாயால் சொல்லப் போனால் பாதியில் சிரித்து மழுப்பிவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். நம் ஊர் நூலகத்து வாசகர் மலருக்கும் இதைக் கொடுக்கப் போகிறேன். நீ படித்து, சரி என்று சொன்ன பிறகுதான். ஊரறியச் சொன்ன பொய்யை ஊரறியத்தானே திருத்த வேண்டும்.

உனக்கு நினைவிருக்கும், இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும் நீ பள்ளிக்கூடம் விட்டு நேராக எங்கள் பீங்கான் கம்பெனிக்குத்தான் வருவாய். அப்பா திட்டக்குடி பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனால் திரும்ப இருட்டிவிடும். வீட்டில் ஆள் கிடையாது. நான் அப்போதும் ஃபினிஷிங்கில்தான் இருந்தேன். அச்சிலிருந்து எடுத்த பொம்மைக்கு இரண்டு பக்கமும் ஓடும் ஒட்டுக்கோட்டைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்கி அடுக்குவது என் வேலை. சுரண்டிய மண் மேசைக்குக் கீழே குவியும். நீ புத்தகப் பையைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்த மண்ணை அள்ளிப் பிசைந்து பஸ் செய்வாய். நாளுக்கு ஒரு பஸ். கார் இல்லை, யானை இல்லை, பஸ் மட்டும்தான். முன்னால் டிரைவர் சீட்டில் மீசை வைத்த உருண்டை ஒன்று உட்கார்ந்திருக்கும், அது அப்பா. படியில் தொங்கும் ஆட்கள்கூட உண்டு. கூரைமேல் ஒரு வாழைத்தார். பக்கத்து மேசையில் செல்வி அத்தை பொம்மைக்குக் கண் வரைந்துகொண்டே, "பாப்பா, எனக்கு ஒரு சீட்டு போடுடி, நான் கூட்டத்துல நிக்க மாட்டேன்" என்பாள். நீயும் பின் சீட்டில் அவளுக்கு ஓர் உருண்டை வைப்பாய்.

சாயங்காலம் மேசையைத் துடைக்கும்போது விழுந்த மண் அத்தனையும் மூலையில் இருக்கும் தொட்டிக்குப் போக வேண்டும். அங்கே தண்ணீர் விட்டுக் கலக்கினால் மறுபடி கூழாகும். காலையில் அந்தக் கூழைத்தான் அச்சில் ஊற்றுவார்கள். கம்பெனியில் ஒரு பிடி மண் வீணாகாது. உன் பஸ்ஸும் கம்பெனி மண்தான். முதல் நாள் நீ கை கழுவப் போனபோது, அந்த மண்ணோடு சேர்த்துப் பஸ்ஸையும் எடுத்துத் தொட்டியில் போட்டேன். திரும்பி வந்து, "பஸ்ஸு எங்கம்மா?" என்றாய். உன் கை இன்னும் ஈரமாக இருந்தது. "காய வச்சிருக்கேன்" என்றேன். மறுநாள் கேட்டாய். "சூளைக்குப் போயிருக்குது" என்றேன். நாலாம் நாளும் விடவில்லை. "வித்துப்போச்சு" என்றேன்.

உன் முகம் அன்றைக்கு எப்படி ஆனது என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதற்கப்புறம் என்னால் அந்தப் பொய்யை நிறுத்த முடியவில்லை. நீ தினம் செய்வாய், நான் தினம் கலைப்பேன். தினம், "இன்னிக்குப் போனது வித்துச்சாம்மா?" என்பாய். "வித்துடுச்சு" என்பேன். ஒரு பஸ்ஸை ஓரமாக வைத்துச் சூளைக்குப் போகும் டிராலியில் ஏற்றிவிட்டிருக்கலாம். முதலாளி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். நான்தான் செய்யவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம். பி.ஏ. வரலாறு படித்துவிட்டு நான் மண் சுரண்டிக்கொண்டிருந்தேன். நீ ஏசி அறையில் உட்கார்ந்து பேனா பிடிக்க வேண்டும் என்று இருந்தேன். சுட்ட பஸ் ஒன்று வீட்டு அலமாரியில் உட்கார்ந்துவிட்டால் நீ மண்ணை விடமாட்டாய் என்று தோன்றியது. அதனால் கலைத்தேன். கலைத்ததைச் சொல்லவும் மனசு வரவில்லை.

விஷயம் பாண்டிச்சேரி வரைக்கும் போனது நினைவிருக்கிறதா? யார் வாங்கினார்கள் என்று விடாமல் கேட்டாய். "பாண்டிச்சேரிலேருந்து ஒருத்தரு வந்தாரு, வெள்ளைத் தொப்பி போட்டிருந்தாரு" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். மூன்றாம் வகுப்பில் ஒரு கல்யாணத்துக்காக அங்கே போனோம். கடற்கரைச் சாலையில் நீ ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாய். நான் வேர்வையில் நனைந்துகொண்டு பின்னால் வந்தேன். கடைசியில் நிஜமாகவே வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தார். நீ ஓடிப்போய் அவர் எதிரில் நின்று, "அங்கிள், என் பஸ்ஸு நல்லா ஓடுதா?" என்றாய். அவர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "ஓடுது பாப்பா, ஜோரா ஓடுது. ஒரு நாளும் மக்கர் பண்ணல" என்றார். உனக்கு இரண்டு கடலைப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். அந்த மனிதர் யாரென்று இன்றுவரைக்கும் தெரியாது. அப்பா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார். "உன் பொய்க்குப் பாண்டிச்சேரியில ஏஜெண்டு இருக்காருடி" என்றார்.

நீ பெரியவளானாய். பஸ் செய்வதை விட்டாய், ஆனால் மண்ணை விடவில்லை. பாலிடெக்னிக்கில் பீங்கான்தான் படிப்பேன் என்று நின்றாய். அப்புறம் மேல்படிப்பு, அப்புறம் ஸ்பெயினில் கடலோரத்து டைல்ஸ் ஊரில் வேலை. டைல்ஸுக்குப் பூவும் கொடியும் வரைகிறாய். நான் கலைத்ததெல்லாம் எதற்கும் ஆகவில்லை என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அப்புறம் ஒரு நாள் நாச்சோவைப் பற்றிச் சொன்னாய். அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாலு மாதம் நான் உன்னிடம் "சாப்பிட்டியா, தூங்கினியா" தவிர வேறு பேசவில்லை. அந்தப் பையனிடம் குறை ஒன்றும் தெரியவில்லை. அவன் வீட்டாரோடு நான் எப்படிப் பேசுவேன் என்பதுதான் என் பயமெல்லாம். சம்பந்தி என்றால் சண்டை போடவாவது ஒரு மொழி வேண்டாமா? அப்பாதான் ஒரு நாள், "டிரைவருக்கு வாக்கப்பட்டப்ப உங்க வூட்லயும்தான் நாலு மாசம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாங்க. அவங்கள மாதிரியே நீயும் இருக்கப் போறியா?" என்றார். மறுநாள் உன்னைக் கூப்பிட்டு, அவங்க அம்மாவைக் காட்டு என்றேன்.

அந்த முதல் வீடியோ காலில்தான் எல்லாம் தொடங்கியது. அம்பாரோ, உன் மாமியார், திரையில் பெரிதாகச் சிரித்துக்கொண்டு வந்தார். என்னைப் போலவே அவரும் தொழிற்சாலைக்காரர், முப்பது வருஷம் டைல்ஸ் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தவர் என்று சொன்னாய். அவர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "சின்ன வயசுல நான் என்ன செய்வேன்னு உன்கிட்ட கேக்குறாங்கம்மா" என்றாய். நான் யோசித்து வாயைத் திறப்பதற்குள் நீயே பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டாய். கையால் சக்கரம் காட்டினாய், கூரை காட்டினாய், மீசை காட்டினாய். அம்பாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைவழியாக எனக்கு ஒரு முத்தம் ஊதினார். "பஸ் கதையச் சொன்னேம்மா. நான் செய்யச் செய்ய நீ எல்லாத்தையும் வித்துக் குடுப்பேன்னு. அதனாலதான் நான் டிசைனர் ஆனேன்னு" என்றாய்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இருபது வருஷமாக உனக்குள் இருந்த அந்தப் பொய் கடல் தாண்டிப் போய் இன்னொரு வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்துவிட்டது. அதற்காக எனக்கு ஒரு முத்தமும் கிடைத்திருக்கிறது. அந்தக் கேள்விக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும், அதுவும் உன் வாய்வழியாக அல்ல, என் வாயால் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். கல்யாணத்துக்கு ஏழு மாதம் இருந்தது.

போனில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கும் ஒன்றை ஏற்றிக்கொண்டேன். "நான் ஆப்பிள் சாப்பிடுகிறேன், பூனை பால் குடிக்கிறது" என்று ஒரு மாதம் போனது. எனக்கு ஆப்பிளும் வேண்டாம், பூனையும் வேண்டாம். எனக்கு வேண்டியது ஒரே வினைச்சொல், செய். அவர்கள் மொழியில் அது hacer. வாயில் அத்தேர் என்று வரும், முதல் எழுத்தைச் சொல்லக்கூடாது. ஒரு நாள் ஒரு தடவை நான் செய்தேன் என்றால் அதற்கு இத்தே என்று வேறு சொல் இருக்கிறது. வழக்கமாகச் செய்துகொண்டிருந்தேன், அப்போதெல்லாம் செய்வேன் என்றால் அத்தீயா. நான் அத்தீயா, நீ அத்தீயாஸ், அவள் அத்தீயா, நாம் அத்தீயாமோஸ், நீங்களெல்லாம் அத்தீயாயிஸ், அவர்கள் அத்தீயான். எழுதும்போது hacía, நடுவில் இருக்கும் ஐ எழுத்துக்குத் தலையில் புள்ளிக்குப் பதிலாக ஒரு சாய்ந்த கோடு. அந்தக் கோடு விழும் இடத்தில் குரலை அழுத்த வேண்டும். "அவ பஸ் செய்வா" என்று நாம் சொல்கிறோம், அந்தச் "செய்வா" நாளைக்குச் செய்வதற்கும் பொருந்தும், அந்தக் காலத்தில் தினம் செய்ததற்கும் பொருந்தும். பக்கத்தில் "அப்போல்லாம்" என்று ஒன்றைச் சேர்த்துச் சமாளித்துவிடுவோம். அவர்களோ முடிந்துபோன பழக்கத்துக்கென்றே தனியாக ஒரு வரிசை கட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்குச் சுருக்கென்றது. நான் செய்தது ஒரு நாள் தப்பு இல்லையே. நாலு வருஷம், பள்ளிக்கூடம் இருந்த நாளெல்லாம் செய்தது. அதைச் சொல்ல எனக்கு இந்த வரிசைதான் வேண்டும்.

நாக்கை இரண்டு பல்வரிசைக்கும் நடுவில் வைத்து "அத்" சொல்ல வேண்டும் என்று நாச்சோ எனக்கு ஒரு வீடியோ அனுப்பினான். ஆமாம், உனக்குத் தெரியாமல்தான். மாப்பிள்ளையைத் திட்டாதே, நான்தான் சத்தியம் வாங்கியிருந்தேன். கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் நான் நாக்கை நீட்டி நீட்டிப் பழகுவேன். செல்வி பார்த்துவிட்டு, "என்னக்கா, காலையிலேருந்து எனக்குப் பழிப்புக் காட்டிக்கிட்டே இருக்கீங்க? நான் என்ன பண்ணேன்?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். அன்றிலிருந்து அவளும் படிக்க ஆரம்பித்தாள். கண் வரையும்போது ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு அத்தீயா.

இந்த இடத்தில்தான் நான் பெரிய காரியம் ஒன்று செய்தேன். அப்போது கிளி பொம்மை ஓடிக்கொண்டிருந்தது, உள்ளங்கை அளவு, தட்டையான அடிப்பாகம், நடுவில் ஒரு துளை. ஃபினிஷிங் முடித்ததும் என் கை முடித்தது என்று தெரிவதற்காக அடியில் பென்சிலால் ஒரு கோடு போடுவது என் வழக்கம். பென்சில் கோடு சூளையில் எரிந்து காணாமல் போய்விடும். அதுதான் எனக்கு வசதியாகப் போனது. கோட்டுக்குப் பதிலாக ஒரு கிளிக்கு ஒரு சொல் எழுதினேன். ஆறு கிளி முடித்தால் ஒரு வரிசை முடியும். தப்பாக எழுதினாலும் பார்க்க ஆளில்லை, நெருப்பு தின்றுவிடும். ஒரு வாரம் இப்படிப் போனது. பென்சில் தீர்ந்தபோது டப்பாவில் இருந்த நீலப் பென்சிலை எடுத்தேன். முதலாளி அதைச் சென்னையிலிருந்து புதிதாக வாங்கி வந்திருக்கிறார், சூளையிலும் அழியாமல் நிற்கும் பென்சில் என்று எனக்கு எப்படித் தெரியும்? பார்க்க நம் பள்ளிக்கூடத்துப் பென்சில் மாதிரியே இருந்தது.

சூளை திறந்த அன்று செல்வி ஓடி வந்தாள். "யக்கா! கிளியெல்லாம் ஸ்பானிஷ் பேசிக்கிட்டு வந்திருக்குதுக்கா!" இருநூறு கிளி. இருநூறுக்கும் அடியில் பளிச்சென்று நீலம். என் கையெழுத்து அவ்வளவு அழகாக அதற்கு முன்னால் எங்கேயும் வந்ததில்லை. முதலாளி ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தார், இன்னொன்றைக் கவிழ்த்துப் பார்த்தார். "இருவத்தஞ்சு வருஷ சர்வீஸு. பி.ஏ. வேற. ஏம்மா, இத நான் எந்த ஊருக்கு அனுப்புறது?" என்றார். செல்விதான், "ஸ்பெயினுக்கு அனுப்புங்கண்ணே, கொத்திக்கிட்டுப் போவாங்க" என்றாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எடுத்துக்கிட்டுப் போம்மா. பாப்பா கல்யாணத்துக்குத் தாம்பூலப் பையில போடு. அதான் என் மொய்யி" என்றார்.

அப்படித்தான் உன் கல்யாணத்தில் ஆளுக்கு ஒரு கிளி வந்தது. நம் ஊர்க்காரர்களைத் தெரியுமே. எந்தப் பீங்கான் சாமானைக் கையில் கொடுத்தாலும் முதலில் கவிழ்த்து அடியைப் பார்ப்பார்கள். தாம்பூலப் பை வாங்கிய வேகத்தில் மண்டபம் முழுக்கக் கிளிகள் தலைகீழாக நின்றன. "உனக்கு என்ன விழுந்துச்சு?" "எனக்கு நீளமா இருக்குது." "அது என்ன, கம்பெனி பேரா, மாப்ள பேரா?" என்று ஒரே ரகளை. நீகூட மேடையிலிருந்து பார்த்துவிட்டு, "அம்மா, வினைச்சொல்ல வெத்தல பாக்கோட வச்சுக் குடுத்த ஒரே கல்யாணம் என்னோடதுதான்" என்று சிரித்தாய். அது வரைக்கும் உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான்.

எழுதிப் பழகிய நாட்களில் இன்னொரு சொல்லும் எனக்குக் கிடைத்தது. செய் என்பதற்கு முன்னால் ஒரு சின்ன ஒட்டு வைத்தால், செய்ததைக் கலைப்பது என்று ஆகிறது. தெஸத்தீயா, கலைத்துக்கொண்டிருந்தேன். நீ பெட்டியைப் பிரித்ததற்கும் அவர்கள் இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு கிளிக்கு அடியில் அதே நீலப் பென்சிலால் அதை எழுதினேன். எழுதிவிட்டு ரொம்ப நேரம் அதைக் கையில் வைத்திருந்தேன். சூளையிலிருந்து வந்ததும் அதை மட்டும் தனியாக எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அதைத்தான் அம்பாரோவுக்குக் கொடுத்தேன்.

அவர் கவிழ்த்துப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்த முதல் நாளே காபி குடித்து முடித்ததும் டவராவைத் தலைகீழாகத் திருப்பி அடியைத் தடவிப் பார்த்தாரே, அப்போதே எங்கள் இனம் என்று கண்டுகொண்டேன். அன்று சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் போட்டோக்காரரோடு வெளியே போயிருந்தீர்கள். அம்பாரோ பட்டுப்புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கிவிட்டுக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். நான் கதவைச் சாத்தினேன். ஏழு மாதம் மனப்பாடம் செய்த ஒரு வாக்கியம்கூட வாயில் வரவில்லை. கிளியை எடுத்து அவர் கையில் வைத்தேன். கண்ணைப் பார்த்தார், அலகைப் பார்த்தார், கவிழ்த்தார். படித்தார். அப்புறம் நிமிர்ந்து, "யார்?" என்று கேட்டார்.

"யோ" என்றேன். நான்.

அதற்கப்புறம் எப்படியோ வந்துவிட்டது. அவள் பஸ் செய்வாள். எல்லா நாளும். நான் கலைப்பேன். எல்லா நாளும். விற்கவில்லை. ஒன்றுகூட விற்கவில்லை. இவ்வளவுதான், இதற்கு மேல் எனக்குத் தெரியாது. மூக்கு வேறு ஒழுகியது. பட்டுப்புடவையில் துடைக்கக்கூடாது என்பதால் தாம்பூலப் பையில் துடைத்தேன். அவர் கிளியைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒன்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. பக்கத்துத் தட்டில் இருந்த வாழைப்பழத் தோலை எடுத்துப் பிசைவது மாதிரி காட்டி மறுபடியும் கேட்டார். மண், அந்த மண் என்ன ஆனது? அதற்கு எனக்குச் சொல் தெரியாது. எழுந்து நின்று தொட்டி காட்டினேன், தண்ணீர் ஊற்றிக் காட்டினேன், இரண்டு கையாலும் துடுப்பு பிடித்துக் கலக்கிக் காட்டினேன். அச்சில் ஊற்றிக் காட்டினேன். கல்யாணத்துக்கு வந்த யாராவது கதவைத் திறந்திருந்தால் சம்பந்தியம்மாவுக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

முப்பது வருஷம் தொழிற்சாலையில் நின்றவர் அல்லவா, பாதியிலேயே புரிந்துகொண்டார். சிரிக்க ஆரம்பித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, சந்தோஷம் தாங்காமல் வரும் சிரிப்பு. கையிலிருந்த கிளியை விரலால் டொக் டொக் என்று தட்டினார். "அக்கீ" என்றார். இங்கே. ஜன்னலோரம் இருந்த பீங்கான் விளக்கைக் காட்டி, அங்கேயும் என்றார். வாசல்பக்கம், சாப்பாட்டுக் கூடத்தின்பக்கம், ஊர்ப்பக்கமெல்லாம் கையை வீசி, "வெந்தீதோஸ்! தோதோஸ்!" என்றார். விற்றுவிட்டது, எல்லாம் விற்றுவிட்டது.

நான் அப்படி யோசித்ததே இல்லை, கயல். நீ செய்த பஸ் தொட்டியில் கரைந்து கூழாகி, மறுநாள் யானையாகவும் விளக்காகவும் ஃபியூஸ் கட்டையாகவும் வெளியே வந்தது. அப்பாவின் மீசையும், செல்வியின் பின் சீட்டும், வாழைத்தாரும் எத்தனை வீட்டுச் சுவரில், எத்தனை கடை அலமாரியில் இருக்கிறதோ. பாண்டிச்சேரியில் ஒரு ஜன்னலிலாவது இருந்திருக்கும். அந்தத் தொப்பிக்காரர் பொய் சொல்லவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

ஆனாலும் நான் சொன்னது பொய்தான். உன் மாமியார் சிரித்தது அவர் மனசு. அதை வைத்துக்கொண்டு நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. அவரும் விடவில்லை. சிரித்து முடித்ததும் என் கையைப் பிடித்து, வாசல்பக்கம் உன்னைக் காட்டி, சொல்லிவிடு என்று ஜாடை காட்டினார். தன் வாயைத் தைத்துவிடுவது போலவும் காட்டினார், நான் சொல்ல மாட்டேன் என்று. அதனால்தான் இந்தக் கடிதம். உன்னை நம்பி, நீ அழுதால் அழட்டும் என்று அன்றைக்கே விட்டிருக்க வேண்டும். ஒரு சாயங்காலத்து அழுகையோடு போயிருக்கும். உன் குடும்பத்தில் இந்தத் தப்பை மட்டும் நீ செய்யாதே. பெரிய பொய் சொல்லும்போது நமக்கே தெரிந்துவிடும். ஆசையால் தினம் ஒரு துளி சொல்லும் பொய்தான் கண்ணில் படாமல் வளர்ந்துவிடுகிறது. நாச்சோ வைக்கும் குழம்பு நன்றாக இல்லையென்றால் முதல் நாளே நன்றாக இல்லை என்று சொல்லிவிடு.

அதைச் சொன்னதும் நினைவு வருகிறது. நான் சொல்லி முடித்த பிறகு, நியாயம் வேண்டும் என்று அம்பாரோவும் பாதி ஜாடையில் அவன் கதை ஒன்றைச் சொன்னார். அவன் சின்ன வயதில் பருப்பு சாப்பிட மாட்டானாம். தட்டு காலி என்று காட்டுவானாம், மேசைக்குக் கீழே நாய் மட்டும் நாளுக்கு நாள் கொழுத்துக்கொண்டே போனதாம். இதுவும் அத்தீயாதான், வழக்கமாகச் செய்தது. நம் வீட்டில் மூன்று நாள் சாம்பாரை "ரொம்ப நல்லா இருக்குது அத்தை" என்று சாப்பிட்டான் உன் புருஷன். எதிர்வீட்டு நாயைத்தான் இனிமேல் கவனிக்க வேண்டும்.

இப்போது பொட்டலத்தைப் பிரி.

இது உன்னை விமானம் ஏற்றுவதற்கு முந்தின வாரம் நான் செய்தது. சுரண்டிய மண்ணைத் தொட்டியில் போடாமல் எடுத்து வைத்து, சாப்பாட்டு நேரத்தில் மூன்று நாள் முயற்சி செய்தேன். செல்வி பக்கத்தில் நின்றுகொண்டு, "எனக்குப் பின் சீட்டு வேணாம்க்கா, இந்தத் தடவ ஜன்னலோரம் போடுங்க" என்று உயிரை எடுத்தாள். மீசைக்காரர் கொஞ்சம் குண்டாகிவிட்டார், நிஜத்திலும் அப்படித்தான் இருக்கிறார். முதலாளியிடம் கேட்டு, டிராலியில் நானே ஏற்றி, சூளையிலிருந்து நானே இறக்கினேன். இது விற்பனைக்கு இல்லை. கவிழ்த்துப் பார்க்காதே, அடியில் ஒன்றும் எழுதவில்லை. நாலு சக்கரத்தில் மூன்றுதான் நின்றது. முன் சக்கரத்தை எப்படி ஒட்டினாலும் காயும்போது விழுந்துவிடுகிறது. இருபத்தைந்து வருஷமாக மண்ணைத் தொடும் எனக்கு இது வரவில்லை, ஏழு வயதில் உனக்கு எப்படி நின்றது? ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது எப்படி ஒட்டுவது என்று காட்டு. மண் எடுத்து வைத்திருக்கிறேன்.

அம்மா